காய்ந்து கிடந்த சுவர்

எழில்மதியின் கணக்கு நோட்டு நனைந்துவிட்டது. சக்கரவர்த்தி அதை அடுப்புக்கு மேலே பிடித்து, அப்பளம் சுடுவதுபோல ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாக மலையில் மழை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள்.

"பெருக்கல் வெந்துடுச்சு. வகுத்தல்தான் இன்னும் ஈரமா இருக்குது."

"கருக்கிடாதப்பா, டீச்சர் திட்டுவாங்க."

"கருகுனா நல்லதுதானே. தப்பு போட்டதெல்லாம் தெரியாது பாரு."

அம்மா வெள்ளச்சி சாமை அரிசியைக் களைந்தபடி சிரித்தாள். மணி மூன்றே கால் இருக்கும். அந்த வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணக் காரியம் அதுதான். சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கலையரசன். அவர்கள் வீட்டுப் பின்புறச் சுவருக்குப் படம் வரைந்து கொடுத்த இன்ஜினியர் பையன். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, மேல மழை ஜாஸ்தின்னு சொல்றாங்களே. சுவரு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது தம்பி. எங்க பார்த்தாலும் ஊத்திக்கினு இருக்குது. நம்ம சுவரு மட்டும் காஞ்சு கெடக்குது."

பெருமையோடுதான் சொன்னாள். ஊரே ஒழுகும்போது தன் சுவர் ஒழுகவில்லை என்ற பெருமை. மறுமுனையில் யாரோ பைக்கைக் கிளப்பிக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

"காஞ்சா கெடக்குது?" என்றான் கலையரசன்.

அவன் குரல் மாறிய விதத்தில் வெள்ளச்சியின் கை சாமைத் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

*

அந்தச் சுவருக்கு அனுமதி வாங்க ஒன்பது மாதம் ஆயிற்று.

அவர்களுடையது அரசாங்கத் திட்டத்தில் கட்டிக்கொண்ட வீடு. முன்பக்கம் ரோடு. பின்பக்கம் மலைச்சரிவு, வீட்டின் மேல் சாய்ந்து நிற்பதுபோல. நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம் இருந்தது. மிளகு காயவைக்கக்கூட இடமில்லை. வருஷா வருஷம் தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்து, வண்டி ஏறி நசுங்கியது போக மீதியை அள்ள வேண்டும். சரிவை வெட்டி ஒரு களம் போடலாம், வெட்டின இடத்தில் சுவர் எழுப்பலாம், ஓரத்தில் எழில்மதி கேட்ட கனகாம்பரத்தை வைக்கலாம் என்று சக்கரவர்த்தி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் சொன்ன சுவர் கல் அடுக்குச் சுவர். மலையில் எல்லோருடைய நிலத்தையும் அதுதான் தாங்கி நிற்கிறது. மண்ணும் வேண்டாம், சிமெண்ட்டும் வேண்டாம். கல்மேல் கல்லை வாகு பார்த்து உட்கார வைத்தால் போதும்.

"எங்கப்பா அடுக்குனது இன்னும் அப்படியே நிக்குது. நாலு கல்லு அடுக்குறதுக்கு எதுக்குடி கவர்மெண்ட்டு?"

வெள்ளச்சி ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு ஊர் தள்ளி ஒருவன் யாரையும் கேட்காமல் ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டினான். மறுநாளே ஜீப் வந்தது. ஜேசிபியை ஓட்டிப் போய்விட்டார்கள். அவன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சாவு கேட்கப் போகிற வழியில் வெள்ளச்சி அந்த நோட்டீஸை நின்று படித்தாள். ஓரத்தில் பசை இன்னும் காயவில்லை. 'இடித்து அகற்றப்படும்' என்ற வரியைப் படித்தபோது, அது தன் கதவில் ஒட்டியிருப்பதாகவே பட்டது. அன்றிலிருந்து ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிக் கதவைப் பார்ப்பாள்.

"நம்ம வூட்டுக் கதவுல அப்படி ஒரு காயிதம் ஒட்ட நான் வுடமாட்டேன் மாமா. முறையா கேட்டு, முறையா கட்டுவோம்."

உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்தவள் அவள். அந்தத் தெருவில் காகிதம் என்று வந்தால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். சக்கரவர்த்தியும் அவள் வழிக்கே விட்டுவிட்டான்.

கச்சிராயபாளையத்து இ-சேவை மையத்தில் மனுப் போட்டாள். பிறகு கள்ளக்குறிச்சிக்கு நடை. மலைப்பகுதி என்பதால் வீட்டுக்குப் பின்னால் ஒரு சுவர் வைப்பதற்கே பல துறைகள் சம்மதிக்க வேண்டியிருந்தது. மண் வெட்ட ஒரு துறை, மரத்துக்கு ஒரு துறை, சரிவுக்கு ஒரு துறை. முதல் தடவை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"களம்னு போட்டிருக்கீங்க. தோட்டம்னு போட்டிருக்கீங்க. சுவருன்னும் போட்டிருக்கீங்க. இதுல எதுக்கும்மா அனுமதி?"

"மூணும் ஒண்ணுதாங்க சார். சுவரு இருந்தாத்தான் களம். களம் இருந்தாத்தான் தோட்டம்."

"மூணும் ஒண்ணுன்னு நாங்க எழுத முடியாதேம்மா."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். வெள்ளச்சிக்கு உள்ளங்கை வியர்த்து, ஜெராக்ஸ் தாளில் விரல் ரேகை விழுந்தது. அந்தத் தாள் செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, வெளியே போய் வேறு ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். இப்படித்தான் ஒவ்வொரு நடையும். ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும், அதனால் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயத்தோடுதான் பஸ் ஏறுவாள், இறங்குவாள்.

வனத்துறையிலிருந்து வந்து பார்த்தவர், சரிவின் அடியில் இடது கோடியில் நின்ற பலாமரத்தைக் காட்டி, "இதுல மட்டும் கை வைக்கக் கூடாது" என்றார். அதனால் கலையரசன் சுவரை அங்கே வளைத்து, மரத்தின் முதுகுப்பக்கமாகக் கொண்டுபோனான். மரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண். படத்தில் சுவர் ஏழடி உயரம், சிமெண்ட் கட்டு. சுவர் நெடுகச் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டிருந்தான். பதினொன்று.

"இது இன்னா தம்பி, சுவருக்கு மூக்குத்தியா?" என்று கேட்டான் சக்கரவர்த்தி.

"தண்ணி வடியற ஓட்டைண்ணே. மலைத்தண்ணி சுவருக்குப் பின்னாடி சேரக் கூடாதுல்ல."

"எங்க கல்லுக்கட்டுக்கு ஓட்டையே கெடையாது. நூறு வருஷமா நிக்குது."

"அது வேற, இது வேறண்ணே."

வெள்ளச்சி அப்போது எல்லாத் தாளிலும் கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்தது. விழவில்லை என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு அந்த வட்டங்கள், படத்தின் மூலையில் வடக்கு காட்டும் அம்புக்குறி மாதிரி, அதிகாரிகளுக்கு வேண்டிய ஏதோ ஒன்று என்றுதான் பட்டது.

மார்ச் மாதம் உத்தரவு கைக்கு வந்தது. பதினான்கு நிபந்தனைகள். மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று தடவை படித்தாள். ஒன்பதாவது நிபந்தனை: 'சுவரின் நீர்வடி துளைகள் எக்காலத்தும் திறந்த நிலையில் பராமரிக்கப்பட வேண்டும்.' அதைப் படித்தபோது பஸ் எந்த வளைவில் திரும்பியது என்பதுகூட இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பதினான்காவது நிபந்தனைதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் அதிகாரிகள் வந்து சுவரைப் பார்ப்பார்கள். படத்தில் உள்ளபடி இல்லையென்றால் அனுமதி ரத்து. உத்தரவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாசல் நிலைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டாள். கதவில் வேறு எந்தக் காகிதமும் ஒட்டப்படாமல் அது காக்கும் என்று நினைத்தாள்.

மே மாதத்தில் சுவர் எழும்பியது. கீழிருந்து மேஸ்திரிகள் வந்து கட்டினார்கள். களம் போட்டார்கள். எழில்மதி ஓரத்தில் கனகாம்பரம் நட்டாள். சுவரில் அவள் எட்டும் உயரத்தில் இருந்த துளைகளெல்லாம் அவளுக்குக் கடையாகிவிட்டன. ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் பழைய பேட்டரி. "இன்னா வோணும், சீக்கிரம் சொல்லுங்க, கடைய மூடப்போறோம்" என்று கத்திக்கொண்டிருப்பாள்.

ஆகஸ்டில் சக்கரவர்த்தி எஸ்டேட் வேலைக்குக் குடகுக்குப் போனான். செப்டம்பரில் ஒரு நாள் எழில்மதி அம்மாவிடம் ஓடி வந்து கையை நீட்டினாள்.

"அம்மா, வளையலு பாத்தியா?"

மணிக்கட்டில் வெள்ளையாக, மெலிசாக, செதில் செதிலாக ஒன்று சுற்றியிருந்தது. பாம்புச் சட்டை. துளைக்குள் கையை விட்டு இழுத்திருக்கிறாள். உலர்ந்த சட்டை இல்லை. இன்னும் வழுவழுப்பு இருந்தது.

வெள்ளச்சி பிள்ளையின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், விரலிடுக்கெல்லாம் பார்த்தாள். கடி இல்லை. போன வருஷம்தான் பக்கத்து ஊரில் கட்டுவிரியன் கடித்த ஒரு பெண்ணைக் கீழே கொண்டுபோகும் வழியிலேயே இழந்தார்கள். அன்று முழுக்க எழில்மதியைக் களத்துப் பக்கம் விடவில்லை.

மறுநாள் காலையில் சக்கரவர்த்தியின் பழைய லுங்கியைக் கிழித்து உருண்டை உருண்டையாகச் சுருட்டி, கம்பால் ஒவ்வொரு துளைக்குள்ளும் இடித்தாள். மேலே களிமண். மேஸ்திரிகள் விட்டுப்போன சிமெண்ட் அரை மூட்டை இருந்தது. அதைக் குழைத்து வாய்ப்பூச்சும் பூசினாள். வேலையை அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. பூசும்போது ஒன்பதாவது நிபந்தனை ஞாபகத்துக்கு வந்தது. வராமல் இல்லை. கல்லுக்கட்டில் ஏது துளை, அது நிற்கவில்லையா என்று மனசுக்குப் பதில் சொல்லிக்கொண்டாள். அதிகாரிகள் ஜனவரியில்தான் வருவார்கள்; அதற்கு முன்னால் கொத்தி எடுத்துவிட்டால் தீர்ந்தது. அவளுக்கு இரண்டே பயம் இருந்தது. ஒன்று பாம்பு, இன்னொன்று ஜீப். இரண்டுக்கும் வழி செய்துவிட்டாள்.

பத்துத் துளை அடைத்தாள். பலாமரத்துக்குப் பின்னால் இருந்த ஒன்று மட்டும் எட்டவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியில் தோளை நுழைத்துப் பார்த்தாள், முடியவில்லை. அங்கே பிள்ளையின் கையும் போகாது என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்குப் போனில் சக்கரவர்த்தியிடம் பாம்புச் சட்டையைப் பற்றிச் சொன்னாள். "நான் பாத்துக்கிட்டேன், நீ பயப்படாத" என்று மட்டும்தான் சொன்னாள். அவன் ஊர் திரும்பிய மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. களத்துப் பக்கம் அவன் போகவே இல்லை.

*

"காஞ்சா கெடக்குது?" என்றான் கலையரசன். "ஓட்டை வழியா தண்ணி வரலியாக்கா?"

"ஓட்டைய அடைச்சிட்டேன் தம்பி." குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "அடைச்சிட்டேன். பாம்பு வந்துச்சு."

"எத்தினி?"

"ஒண்ணு தவிர எல்லாம்."

"அக்கா, நான் சொல்றத கேளுங்க. புள்ளயத் தூக்கிக்கினு ரோட்டுக்குப் போயிடுங்க. இப்பவே போங்க. மூணு நாள் தண்ணி மொத்தமும் அதுக்குப் பின்னாடி நிக்குது. யாரும் உள்ள இருக்காதீங்க. அண்ணன் எங்க? அண்ணன்கிட்ட…"

சிக்னல் போய்விட்டது.

சக்கரவர்த்தி நோட்டை மூடி மாடத்தில் வைத்தான். அவன் அவசரப்படவில்லை. மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தான். வெள்ளச்சிக்கு அந்தக் கடப்பாரையைப் பார்த்ததும் எல்லாம் புரிந்தது.

"வாணாம் மாமா. ரோட்டுக்குப் போவலாம். அந்தத் தம்பி இன்னா சொன்னாரு, யாரும் இருக்க வேணாம்னாரு."

"சுவரு வந்தா வூடும் சேர்ந்து போயிடும். ரெண்டு ஓட்டை தொறந்தா தண்ணி எறங்கிடும். எம்மா நேரம் ஆவும்? நீ பாப்பாவைக் கூட்டிக்கினு போ."

"நாந்தான் மாமா அடைச்சேன். உன்கிட்ட சொல்லவே இல்ல. நான் வர்றேன், நான் எடுக்கிறேன்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாம்புக்கு வூடில்லாம பண்ணிட்டியேடி, பாவி," என்று சிரித்தான். "போ. புள்ளைக்குத் தலையில துண்டு போடு."

ரோட்டில் மழை முகத்தில் அறைந்தது. எழில்மதி, "நோட்டு உள்ள இருக்குதும்மா, நோட்டு" என்று அழுதாள். அவளை இடுப்போடு இறுக்கிக்கொண்டு வெள்ளச்சி வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் பின்னாலிருந்து கடப்பாரைச் சத்தம் வந்தது. ணங். ணங். சிமெண்ட்டில் இரும்பு படும் சத்தம். அத்தனை கெட்டியாகப் பூசியிருந்தாள். ஒவ்வொரு இடியும் அவள் பூச்சின் மேல் விழுகிறது என்பது தெரிந்தது. சீக்கிரம் உடை, சீக்கிரம் உடை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

சத்தம் நின்றது. பீய்ச்சும் ஒலி. பிறகு அவன் குரல்: "வந்துடுச்சு! வெள்ளச்சி, தண்ணி வந்துடுச்சு! எம்மா வேகம்!"

"போதும் மாமா! வந்துடு!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

மறுபடியும் ணங், ணங். அவள் எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது சத்தம் வரவில்லை. பெரிய இடி எதுவும் கேட்கவில்லை. நெல் மூட்டையை யாரோ மெதுவாகத் தரையில் இறக்கி வைத்ததுபோல ஒரு அமுங்கிய சத்தம், அவ்வளவுதான். பலாமரம் மட்டும் காற்றே இல்லாமல் ஒரு தடவை ஆடியது. கூரைக்கு மேலே தெரிந்த சரிவு கீழே போய்விட்டிருந்தது. வீட்டு வாசல் வழியாகச் செம்மண் தண்ணீர் ரோட்டுக்கு வந்தது.

ஊரே ஓடி வந்து கையால் மண்ணை அள்ளியது. கீழே ஒரு வளைவில் மண் சரிந்து ரோடு அடைபட்டதால் ஜேசிபி மறுநாள் உச்சிவேளைக்குத்தான் வந்து சேர்ந்தது. அவனை எடுத்தபோது கடப்பாரை அவன் பக்கத்திலேயே கிடந்தது. முன்பக்க அறையும் அடுப்பும் தப்பித்திருந்தன. மாடத்தில் கணக்கு நோட்டு இருந்தது. வகுத்தல் பக்கங்கள் காய்ந்திருந்தன.

மூன்றாம் நாள் ஜீப்கள் வந்தன. ஒன்றல்ல, நான்கு. வெள்ளச்சி கதவைப் பார்க்கவில்லை. தானே எழுந்து போய், நிலைக்கு மேலே தொங்கிய உத்தரவை எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்தாள்.

"ஒன்பதாவது பாருங்க சார். நான் அடைச்சேன். எழுதிக்கிங்க."

அவர் படித்தார். சரிவைப் பார்த்தார். அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எழில்மதியைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்தவரிடம், "கனமழை காரணமாக" என்று சொன்னார்.

"மழை இல்ல சார்."

"மழைதாம்மா," என்றார் அவர். "போய் உக்காருங்க."

இப்போது அவர்கள் வடக்கனந்தலில் வெள்ளச்சியின் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். சமதரை. சரிவு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் மழை பிடித்தால் அவள் உட்காருவதில்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பாள். ஈரமாக இருந்தால் மூச்சு விடுவாள். காய்ந்திருந்தால் எழில்மதியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். கல்லுக்கட்டில் துளை இல்லை என்று சொல்லிக்கொண்டாளே, அதை நினைக்காத நாளில்லை. கல்லுக்கட்டில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் துளைதான். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். மழையில் ஆயிரம் இடத்தில் அது கசிவதையும் பார்த்திருக்கிறாள்.

போன பங்குனியில் மிளகு பறிக்க மேலே போனாள். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சுவர் இருந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. இடது கோடியில் மட்டும், பலாமரத்துக்குப் பின்னால், ஒரு ஆள் நீளத்துக்குச் சுவர் நிற்கிறது. அந்த ஒரு சாண் இடைவெளியில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தாள். அவள் கைக்கு எட்டாத துளை பாசி படர்ந்து திறந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.